சிரிப்புக்குச் சிறையா?

சிரிக்கத் தெரிந்த உயிர் மனிதன் ஒருவனே என்பார்கள். விலங்கும் பறவையும் உண்ணும், உறங்கும், தம் குட்டிகளையும் குஞ்சுகளையும் பேணும். ஆனால் தன் குறையைத் தானே கண்டு நகைக்கும் வரம் மனித இனத்துக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. அத்தகைய சிரிப்பே சில வேளைகளில் குற்றமாகக் கருதப்படுவதுண்டு. நகைக்கப்படுபவர் நாடாளும் பொறுப்பில் இருப்பவராயின், நகைத்தவர் சிறைக்குப் போன வரலாறும் உண்டு. பெரிய பதவியில் இருப்போரை நையாண்டி செய்வதற்குத் தடை வேண்டுமா, வேண்டாமா? இக்கேள்வியை நாங்கள் இவ்வாண்டு முழுவதும் எங்களுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தோம். கேட்டுக்கொள்ள வேண்டிய நிலைமையும் எங்களுக்கு ஏற்பட்டது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். சென்ற செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் தின விழாவில், மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியராகிய நாங்கள் கால்மணி நேர நாடகம் ஒன்றை நடத்தினோம். கதை ஓர் அரசவையில் நிகழ்கிறது. அரசியார் தினமும் காலையில் அவையைக் கூட்டி, “இரண்டே நிமிடம் பேசுகிறேன்” என்று தொடங்குவார். அவர் பேசி முடிப்பதற்குள் அமைச்சர்களுக்குத் தாடி வளர்ந்து, தலை நரைத்துவிடும். (நரைக்குப் பஞ்சு ஒட்டியிருந்தோம்.) அரசியார் யார் என்பதை எவரும் எவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இடையிடையே அரண்மனை வாயிற்காவலன் ஒருவன் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துவந்து மணி அடிப்பான். அதற்கும் பலத்த சிரிப்பு எழுந்தது.

அடுத்து வந்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து தம் கவலையைத் தெரிவித்தார். “இன்று சிஸ்டரைக் கேலி செய்கிற பிள்ளைகள், நாளை வீட்டில் பெற்றவர்களைக் கேலி செய்ய மாட்டார்களா? மரியாதை போய்விட்டால் பிறகு பள்ளி எதற்கு?” என்று கேட்டார். இனிமேல் நாடகப் பிரதிகளை முன்கூட்டியே காட்டி அனுமதி பெற வேண்டும், பொறுப்பில் இருப்போர் எவரையும் மேடையில் நடித்துக்காட்டக் கூடாது என்று ஒரு யோசனையும் அங்கே முன்வைக்கப்பட்டது. பலர் கைதட்டினர். அது இன்னும் முடிவு செய்யப்படவில்லை. இதற்கிடையில் எங்கள் தமிழ் இலக்கிய மன்றம் இதே பொருளில் ஒரு சொற்போரை நடத்தியது. அங்கே பேசியதையும், பேச நேரமின்றி விட்டுப்போனதையும் திரட்டி எழுதியதே இக்கட்டுரை.

பள்ளி ஒரு சிறு நாடு. நாடு ஒரு பெரிய பள்ளி. ஆகவே நாட்டில் இக்கேள்வி எப்படி எழுந்தது, எப்படித் தீர்ந்தது என்று பார்த்தால் நமக்கும் வழி புலப்படும் என்று நம்புகிறோம்.

ஆள்வோரை இடித்துரைப்பது நம் மரபுக்குப் புதியதன்று. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்ற வரலாற்றைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான். ஔவையார் அவற்றைப் புகழ்ந்தார். உன் ஆயுதங்கள் பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்று அழகாக இருக்கின்றன. அதியமானுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். கேட்பதற்குப் புகழ்ச்சி, சிந்தித்தால், போர் பழகாத உனக்கு இந்த ஆரவாரம் எதற்கு என்ற எள்ளல். இதை வஞ்சப்புகழ்ச்சி என்று இலக்கணம் படிக்கிறோம். படைகளுக்குத் தலைவனான மன்னன் முன், கையில் எந்தப் படையும் இல்லாத ஒரு பெண் நின்று பேசிய பேச்சு அது. பெண்கள் பள்ளியில் பயிலும் நாங்கள் அதை எண்ணிப் பெருமைப்படாமல் இருக்க முடியாது.

விவிலியத்திலும் இத்தகைய காட்சி ஒன்று உண்டு. தாவீது அரசர் உரியாவுக்கு இழைத்த கொடுமையை எவரும் அவரிடம் நேருக்கு நேர் சொல்லத் துணியாத நேரத்தில், இறைவாக்கினர் நாத்தான் ஒரு கதையோடு வந்தார். ஏராளமான ஆடுமாடுகள் உடைய செல்வன் ஒருவன், ஏழை அருமையாக வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட கதை அது. கேட்ட அரசர் கொதித்தெழுந்தார். அந்தக் கொடியவன் வேறு யாருமல்லர், நீரே என்று நாத்தான் உணர்த்தினார். இது சிரிப்பூட்டும் கதையன்று. ஆயினும் நையாண்டியின் வழி இதுவேதான். நேரே சொன்னால் காதில் ஏறாததை வேறொரு வேடம் போட்டுச் சொல்வதே அந்த வழி. இதில் நாங்கள் வியப்பது நாத்தானின் துணிவை மட்டுமன்று. அவரைத் தண்டிக்கும் அதிகாரம் படைத்த தாவீது, அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் தம் பாவத்தை ஒப்புக்கொண்டாரே, அதையும்தான்.

ரோமாபுரியில் பஸ்குவீனோ என்று பெயர் பெற்ற பழைய கற்சிலை ஒன்று இருக்கிறது. 1501ஆம் ஆண்டு கர்தினால் ஒலிவியேரோ கராஃபா அதைத் தெருமுனையில் நிறுவினார். நாளடைவில் மக்கள் இரவோடிரவாக அதில் கேலிப் பாடல்களை எழுதி ஒட்டத் தொடங்கினர். கர்தினால்மாரும் தப்பவில்லை, பாப்பரசர்களும் தப்பவில்லை. 1522இல் பதவியேற்ற பாப்பரசர் ஆறாம் அதிரியான் சினங்கொண்டு, சிலையை டைபர் ஆற்றில் தூக்கி எறிய எண்ணினாராம். அருகிலிருந்த ஒருவர், ஆற்றில் போட்டால் தவளைகளைப் போல அடியிலிருந்து இன்னும் உரக்கக் கத்தும் என்று சொல்லித் தடுத்தாராம். இப்படி ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், சிலை ஆற்றுக்குப் போகவில்லை. 500 ஆண்டுகள் கடந்தும் அதே நகரத்தில் நிற்கிறது. அதன்மேல் ஒட்டிய தாள்களால் திருச்சபை வீழ்ந்துவிடவும் இல்லை.

ஆனால் எல்லா ஆட்சியாளரும் இவ்வாறு பொறுத்துக்கொண்டதில்லை. வேல்ஸ் இளவரசர் கல்கத்தாவுக்கு வந்தபோது, ஒரு வழக்கறிஞர் அவரைத் தம் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைத்துச் சென்று வரவேற்பளித்தார். அந்த அடிமைப் புத்தியைக் கேலி செய்து 1876இல் அந்நகரில் ஒரு நாடகம் நடந்தது. ஆங்கில அரசு பொறுக்கவில்லை. முதலில் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டிலேயே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. அரசுக்குப் பிடிக்காத நாடகம் எதையும் தடுக்கும் அதிகாரம் அதிகாரிகள் கைக்குப் போயிற்று. வெள்ளையர் போன பிறகும் சட்டம் போகவில்லை. சென்னை மாநிலத்திலும் 1954இல் இதே நோக்குடைய சட்டம் ஒன்று செய்யப்பட்டது. அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல்தான் செல்லாதவை என்று அறிவித்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டமோ 2018இல்தான் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு நாடகத்தின்மேல் கொண்ட கோபத்தில் பிறந்த சட்டம் 142 ஆண்டுகள் உயிரோடு இருந்திருக்கிறது! தடை போடுவது எளிது, எடுப்பது எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மகாகவி பாரதியாரின் கதையும் இத்தகையதே. 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அவர் கேலிச் சித்திரங்களை வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும் அன்றோ? ஆங்கிலேயர் சுரண்டலைப் பாமரரும் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டனர். 1908இல் அரசு வழக்குத் தொடர்ந்தது. சட்டப்படி வெளியீட்டாளராகப் பதிவாகியிருந்தவர் சிறைப்பட்டார். பாரதியார் புதுச்சேரிக்குச் செல்ல நேர்ந்தது. அங்கிருந்து சிறிது காலம் வந்த இதழும் 1910இல் நின்றது. ஒரு வல்லரசு ஒரு வார இதழைக் கண்டு அஞ்சியது என்பதே இதன் பொருள்.

“அது அந்நியர் ஆட்சி. நம்மை நாமே ஆளும்போது அப்படி நடக்குமா?” என்று சொற்போரில் ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். 1948இல் கேலிச் சித்திரக்காரர் சங்கர் தம் வார இதழைத் தொடங்கியபோது, பிரதமர் நேரு அவர்கள் தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். சங்கரும் அவ்வாறே விட்டுவைக்கவில்லை. சுதந்திர நாடு அப்படித்தான் தொடங்கியது. ஆனால் 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. சங்கரின் இதழும் அந்த ஆண்டிலேயே நின்றது.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். 1987ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் வந்த ‘ஆனந்த விகடன்’ இதழின் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் வெளியாயிற்று. மேடையில் இருவர் இருக்கின்றனர். இவர்களில் சட்டசபை உறுப்பினர் யார், அமைச்சர் யார் என்று பார்வையாளர் ஒருவர் கேட்கிறார். ஒருவரை ஜேப்படிக்காரருக்கும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரருக்கும் ஒப்பிட்டு விடை வருகிறது. எவர் பெயரும் அதில் இல்லை. ஆயினும் சட்டசபையின் உரிமை மீறப்பட்டதாகக் கருதப்பட்டது. இதழாசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அவர் மறுத்தார். அப்போது சபாநாயகராக இருந்த பி. எச். பாண்டியன், அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் தண்டனையை அறிவித்தார். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஆசிரியர் சிறையில் அடைக்கப்பட்டார். நாடெங்கும் பத்திரிகையாளர் கண்டனம் தெரிவித்தனர். சில நாட்களுக்குள்ளாகவே அவர் விடுவிக்கப்பட்டார்.

அவர் அத்துடன் விட்டுவிடவில்லை. சிறைவாசம் சட்டப்படி சரியா என்று உயர் நீதிமன்றத்தைக் கேட்டார். 1994இல் தீர்ப்பு வந்தது. சிறையிலிட்டது தவறு என்றும், அவருக்கு இழப்பீடாக 1,000 ரூபாய் தரப்பட வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. தொகை சிறியது, ஆனால் அதன் மதிப்பு சிறியதன்று. அதைச் செலவு செய்யாமல் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டி வைத்துக்கொண்டார் அவர். 2014இல் அவர் மறைந்தபோது, அவருடைய மற்றச் சாதனைகளோடு இந்த 1,000 ரூபாயையும் எல்லோரும் நினைவுகூர்ந்தனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நகைச்சுவை உயர்ந்ததா, மட்டமானதா என்று வாதம் செய்யலாம். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்தது சரியா என்றும் கேட்கலாம். ‘நேர்மையானவர் ஒருவர் அங்கே இருந்தால் அவர் மனம் புண்படாதா?’ என்று எங்களில் சிலரே கேட்டனர். ஆனால் அன்று நடந்தது என்ன? புண்பட்டவர்களே வழக்குத் தொடுத்தனர், அவர்களே விசாரித்தனர், அவர்களே தண்டனையும் விதித்தனர். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்பது பழைய நீதி. வகுப்பில் இருவர் சண்டையிட்டால், அவர்களில் ஒருத்தியையே தீர்ப்புச் சொல்ல அனுப்புவோமா? நையாண்டிக்கு எல்லையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த எல்லையை நையாண்டிக்கு ஆளானவரே வரையக் கூடாது என்பதே எங்கள் முடிவு.

நம் அரசியல் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. 19ஆம் பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது. அதே பிரிவு நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நாகரிகம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு போன்ற சில காரணங்களுக்காக மட்டும் நியாயமான கட்டுப்பாடுகளை அனுமதிக்கிறது. ‘பெரியவர் மனம் நோகும்’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. ‘நக்கீரன்’ வார இதழ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இல் ஒரு முக்கியமான தீர்ப்பை அளித்தது. அதிகாரிகள் தம்மைப் பற்றி ஒன்று வெளிவரப்போகிறது என்று அஞ்சி முன்கூட்டியே அதைத் தடுக்க முடியாது; தவறாக வந்தால் வந்த பிறகு நீதிமன்றத்தை நாடலாம் என்பது அதன் சாரம். முதலில் பேசவிடு, பிறகு நடுநிலையாளர் முன் நியாயம் கேள் என்ற ஒழுங்கை அது நிலைநாட்டியது.

இக்காலத்தில் அச்சகமும் மேடையும் நம் கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டன. 2012 நவம்பரில் மராட்டிய மாநிலத்தில் ஓர் அரசியல் தலைவர் மறைந்தபோது மும்பை நகரம் முடங்கியது. இது எதற்கு என்று ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினாள். அவள் தோழி அதற்கு விருப்பக்குறி இட்டாள். இருவரும் கைது செய்யப்பட்டனர். அதற்குப் பயன்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. ‘எரிச்சலூட்டுவது’ கூடக் குற்றமாகும்படி அது எழுதப்பட்டிருந்தது. எரிச்சல் யாருக்குத்தான் வராது? சட்டம் படிக்கும் வயதிலிருந்த ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2015 மார்ச் 24ஆம் நாள் அந்தப் பிரிவு முழுவதும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. கைதானவர்களும் பெண்கள்; வழக்காடி வென்றவரும் ஒரு பெண். அப்போது அவர்கள் எங்கள் இன்றைய வயதைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள்.

இனி எதிர்த்தரப்பின் வாதங்களைப் பார்ப்போம். அவற்றைத் தட்டிக்கழிப்பது எங்கள் நோக்கமன்று. உண்மையில் அவற்றில் சில எங்களை வெகுநேரம் யோசிக்க வைத்தன.

கேலி வளர்ந்தால் மரியாதை அழியும் என்பது முதல் வாதம். மரியாதை என்பது என்ன? அச்சத்தால் வாய்மூடி நிற்பதும் மரியாதைபோலவே தோன்றும். ஆனால் முதுகு திரும்பியதும் கழிப்பறைச் சுவரில் எழுதப்படுவது எது? மேடையில் சொல்ல வழியில்லாத கேலிதான் சுவருக்குப் போகிறது. அங்கே அது பெயரற்றதாக, பண்பற்றதாக மாறுகிறது. வெளிச்சத்தில், பெயர் சொல்லி, எதிரிலேயே நடித்துக்காட்டுகிறவர்கள் அவ்வளவு எளிதில் எல்லை மீற மாட்டார்கள். ஏனெனில் மறுநாள் காலை அதே முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும்.

பொய் பரவும் என்பது இரண்டாவது வாதம். இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய வேறுபாடு உண்டு. நையாண்டி தன்னை நையாண்டி என்றே காட்டிக்கொள்ளும். பஞ்சுத் தாடி ஒட்டிய அமைச்சரை எவரும் உண்மையான கிழவர் என்று நம்புவதில்லை. பொய்யோ, தன்னை உண்மை என்று காட்டிக்கொள்ளும். ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் குரலையும் படத்தையும் பொய்யாக உருவாக்கிப் பரப்புகிறார்களே, அதை நையாண்டி என்று அழைத்து எவரும் தப்பிக்க இடம் கொடுக்கக் கூடாது. அது ஏமாற்று. அதற்குச் சட்டத்தில் வழி இருக்க வேண்டியதுதான்.

பெண்களைப் பற்றியது மூன்றாவது வாதம். இதைச் சொன்ன தோழி கண்கலங்கிச் சொன்னாள். பொதுவாழ்வுக்கு வரும் ஆணைக் கேலி செய்கிறவர்கள் அவர் பேச்சையும் செயலையும் பிடித்துக்கொள்கிறார்கள். பெண் வந்தாலோ அவள் உடல், உடை, நிறம், மணமானவளா இல்லையா என்பதையே பிடித்துக்கொள்கிறார்கள். இப்படியிருந்தால் எந்தத் தாய் தன் மகளைப் பொதுப்பணிக்கு அனுப்புவாள்? இது முழுவதும் உண்மை. நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது அதிகாரத்தைக் கேலி செய்வதன்று. அதிகாரத்துக்கு வந்த பெண்ணை மீண்டும் அடுப்பங்கரைக்கு விரட்டுவது. ஆபாசமாகச் சித்திரிப்பதைத் தடுக்க 1986ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. சட்டம் எட்டாத இடத்தில் நாம் எட்ட வேண்டும். அத்தகைய படம் நம் கைப்பேசிக்கு வரும்போது சிரிக்காமல், அடுத்தவருக்கு அனுப்பாமல் அங்கேயே நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.

நான்காவது வாதத்தை எவரும் சொற்போரில் எடுத்துரைக்கவில்லை. அதை எங்களுக்குக் கற்பித்தவர் சிஸ்டர் அவர்கள்தாம்.

நாடகம் முடிந்த மூன்றாம் நாள் நடித்தவர்கள் எல்லோருக்கும் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கைகால் நடுங்கத்தான் போனோம். “காலை வழிபாட்டில் நான் அவ்வளவு நேரமா பேசுகிறேன்?” என்று கேட்டார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “சும்மா சொல்லுங்கள் பிள்ளைகளே, கணக்குப் பார்க்காமலா நாடகம் போட்டீர்கள்?” என்றார்கள். “இருபது நிமிடம் ஆகும் சிஸ்டர். மழைக்காலத்தில் கொஞ்சம் குறையும்” என்றாள் எங்களில் ஒருத்தி. சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர்கள் பேச்சு ஏழே நிமிடத்தில் முடிந்தது என்பதை இந்த மலரில் பதிவு செய்ய விரும்புகிறோம்.

ஆனால் அன்று அலுவலகத்தில் அத்துடன் எங்களை விடவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார்கள். “என்னைப் போல நடித்தது இருக்கட்டும். வாயிற்காவலனாக வந்தவள் ஏன் காலைச் சாய்த்து நடந்தாள்?” எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பள்ளி வாயிலில் பல்லாண்டுகளாக நிற்கும் தாத்தாவுக்கு ஒரு கால் சற்றுக் குட்டை. அவர் அன்று அரங்கின் கடைசியில், கதவோரம் நின்று நாடகம் பார்த்திருக்கிறார். அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் எங்களுக்குத் தோன்றவில்லை. “நான் பதில் சொல்ல எனக்கு மைக் இருக்கிறது. அவருக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டார்கள் சிஸ்டர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தண்டனையும் தரவில்லை.

நாங்கள் எல்லோரும் வாயிலுக்குப் போனோம். தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டோம். “அதனால என்னம்மா, சின்னப் பிள்ளைங்க” என்றார். ஆனால் எங்கள் முகத்தைப் பார்க்காமல், சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று இரவு எங்களில் பலருக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஒரு கேள்வியில் எங்களுக்கு எல்லாம் விளங்கிற்று. மைக் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கலாம். அவரால் பதில் சொல்ல முடியும். மைக் இல்லாதவரைப் பார்த்துச் சிரிப்பது துணிவன்று, கோழைத்தனம். பெரிய பதவியின் பேச்சும் செயலும் ஊர்ப்பொது. அவற்றைக் கேலி செய்யலாம். பிறப்பிலும் உடலிலும் வந்த குறை எவருடையதாயினும், அரசருடையதாயினும் ஆண்டியுடையதாயினும், கேலிக்குப் பொருளாகாது. தொண்டைமானை எள்ளிய ஔவையார் அவன் ஆயுதங்களைத்தான் எள்ளினார், அவன் முகத்தையன்று. இந்த எல்லையைத் தணிக்கைச் சட்டம் போட்டு வரைய முடியாது. எங்கள் நாடகப் பிரதியை முன்கூட்டியே காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அரசியாரின் நீண்ட பேச்சை அடித்திருப்பார்கள். ‘வாயிற்காவலன் வருகிறான்’ என்ற வரியை அப்படியே விட்டிருப்பார்கள். ஏனெனில் காலைச் சாய்த்தது தாளில் இல்லை. அது எங்கள் மனத்தில் இருந்தது. பெரியவர்களைக் காப்பாற்றுவதற்காகப் போடப்படும் தடை, எளியவர்களைக் காப்பாற்றுவதில்லை என்பதற்கு எங்கள் நாடகமே சாட்சி.

ஆகவே பெற்றோர்களுக்கு நாங்கள் பணிவோடு தெரிவித்துக்கொள்வது இதுதான். உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. உங்களையும் நாங்கள் வீட்டில் நடித்துக்காட்டுவது உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் தயவுசெய்து அந்த யோசனையை நிறைவேற்ற வேண்டாம். இன்னும் சில மாதங்களில் நாங்கள் இப்பள்ளியை விட்டுப் போய்விடுவோம். எங்களுக்காக நாங்கள் கேட்கவில்லை; அடுத்து வரும் தங்கைகளுக்காகக் கேட்கிறோம். விரைவில் வாக்குச்சாவடிக்குப் போகப்போகிறவர்கள் நாங்கள். ஆள்வோரைப் பார்த்துக் கேள்வி கேட்கவும், சிரிக்கவும், அவர்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்போது தாங்கிக்கொள்ளவும் இங்கே பழகாவிட்டால் வேறெங்கே பழகுவோம்? எல்லை மீறினால் அழைத்துக் கேளுங்கள். சிஸ்டர் கேட்டதுபோலக் கேளுங்கள். அப்படிக் கேட்கப்பட்ட கேள்வியை எவளும் வாழ்நாளில் மறக்கமாட்டாள்.

தங்கைகளே, உங்களுக்கும் ஒரு சொல். அடுத்த ஆண்டு மேடை உங்களுடையது. யாரைப் பார்த்துச் சிரிக்கப்போகிறோம் என்று முடிவு செய்யுமுன், அரங்கின் கடைசியில் கதவோரம் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதன் பிறகு முன்வரிசையைப் பார்த்துத் தாராளமாகச் சிரியுங்கள்.

இக்கட்டுரையும் அச்சுக்குப் போகுமுன் சிஸ்டர் அவர்களின் மேசைக்குப் போகும். அதுவே இப்பள்ளி மலரின் வழக்கம். ஏழு நிமிடக் கதையையும், மழைக்காலக் கணக்கையும் நீங்கள் இங்கே படித்தீர்கள் என்றால், அவர்கள் ஒரு வரியையும் வெட்டவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.